காலடிப்பேட்டை வீட்டின் ஜன்னல் திண்ணை: ஒரு நிகழ்வு ஆய்வு

வட சென்னையின் காலடிப்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நிற்கிற பழைய மூன்று மாடிக் கட்டடம். அதன் இரண்டாவது மாடியில் ஒரு குடும்பம். அப்பாவுக்கு மணலியில் ஷிப்டு வேலை, அம்மா மாலையில் கூடத்தில் டியூஷன் எடுக்கிறார். கூடவே பாட்டி, 11 வயதில் ஒரு பெண், 5 வயதில் ஒரு பையன். பிள்ளைகளின் அறை 10 அடிக்கு 9 அடி. அதில் ஒரு இரும்பு பீரோ, ஒரு படிக்கும் மேசை, மூலையில் சுருட்டி நிறுத்திய பாய்கள், நாற்காலி மேல் தலையணைகள், தரை முழுக்கப் பொம்மைகள். கிழக்குச் சுவரில் 4 அடி அகலத்துக்கு ஒரு நல்ல ஜன்னல்.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. புது வண்ணாரப்பேட்டையிலிருந்து வடக்கே பாதை மேம்பாலத்தில் போகிறது. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் ரயில் கண்ணுக்கு நேராகப் போகும். சின்னவன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ரயில் பார்ப்பான். நாற்காலி வழுக்குகிறது என்ற பயத்தில்தான் அம்மா என்னைக் கூப்பிட்டார். ஜன்னலோரம் ஒரு திண்ணை வேண்டும், அதற்குள் பாயும் தலையணையும் பொம்மையும் போக வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். நான் மரவேலை செய்கிறவன். இந்த மாதிரி ஜன்னல் திண்ணைகள் பல செய்திருக்கிறேன். இதை மட்டும் விரிவாக எழுதக் காரணம், இந்த வீட்டில் எல்லாப் பிரச்சினைகளும் ஒரே இடத்தில் கூடியிருந்தன.

மரத்துக்கு முன்னால் ஜன்னல்

ஜன்னலின் அடிக்கட்டை தரையிலிருந்து 30 அங்குலம். தரையில் நிற்கும் 5 வயதுப் பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட நெஞ்சு உயரம். சுவரே அவனைக் காப்பாற்றிவிடும். இப்போது அதே இடத்தில் மெத்தையோடு சேர்த்து 17 அங்குலத்தில் ஒரு திண்ணையைப் போடுங்கள். அவன் அதன்மேல் உட்காரப் போவதில்லை, நிற்கத்தான் போகிறான். நின்றால் ஜன்னல் கட்டை அவன் பாதத்திலிருந்து 13 அங்குலம், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு மேல் சுவர் கிடையாது, கிரில் மட்டும்தான்.

திண்ணை கட்டுவது என்றால் அந்த இடத்தில் தரையை 17 அங்குலம் உயர்த்துவது என்றே நான் கணக்கெடுப்பேன். அந்தப் புதுத் தரையில் பிள்ளை குதிப்பான், கம்பியில் சாய்வான், தொங்குவான். இதைத் தாங்குகிற கிரில் இருக்கிறதா என்று பார்க்காமல் பிளைவுட் வாங்கக் கடைக்குப் போகக் கூடாது. கட்டிலையோ மேசையையோ ஜன்னலோரம் தள்ளிப் போட்டிருக்கிற வீடுகளுக்கும் இதே கணக்குத்தான்.

அங்கே இருந்தது பழைய காலத்துக் கிரில். பட்டைக் கம்பிகள் படுக்கைவாக்கில் போயின, நடுவில் ஒரு பூ வேலைப்பாடு, இடைவெளி சில இடத்தில் 6 அங்குலம். படுக்கைவாட்டுக் கம்பி பிள்ளைக்கு ஏணிப்படிதான். இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டினால் சிறு பிள்ளையின் உடம்பு நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். ஆக, கம்பிகள் செங்குத்தாக நிற்க வேண்டும், நடுவே 4 அங்குலத்துக்குக் குறைவாக விட வேண்டும்.

அதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது கம்பி சுவருக்குள் போகிற இடம். கடல் நடந்தே போகிற தூரத்தில் இருக்கிற பகுதி இது. உப்புக் காற்றில் இரும்பு வெளியே பளபளவென்று பெயிண்டோடு இருக்கும், சுவருக்குள் புதைந்த நுனி கரைந்துபோயிருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் சுற்றியிருக்கிற பூச்சு உப்பி வெடிக்கும். அந்த வெடிப்பு கீழ் மூலைகள் இரண்டிலும் இருந்தது. சுத்தியலால் தட்டியதும் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வேலையே ஆலையில் குழாய்களைப் பார்ப்பது, துருவைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "இதை முதல்ல மாத்திடலாம்ணே" என்றார்.

பழைய கிரில்லைச் சுரண்டி பெயிண்ட் அடித்துத் திரும்பப் போடலாம் என்று வெல்டிங் பட்டறைக்காரர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அந்தக் கிரில்லில் அதற்கு முந்தைய பெயிண்ட் அடுக்கடுக்காக இருந்தது. அதைப் பிள்ளைகள் அறையில் வைத்துச் சுரண்டினால் தூள் எங்கெல்லாம் போய் உட்காரும்? முழுசாக அறுத்து எடுத்து, பழைய இரும்பாகப் போட்டுவிட்டோம். அறுக்கிற அன்று பிள்ளைகளையும் பாட்டியையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அறையை ஈரத்துணியால் துடைத்தெடுத்த பிறகுதான் உள்ளே விட்டோம்.

புதுக் கிரில் 12 எம்எம் சதுரக் கம்பியில் செங்குத்தாக. இடைவெளி மூன்றரை அங்குலம். அதற்குக் கீழே போகாததற்குக் காரணம் உண்டு: ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறப்பது, மழை வந்தால் கம்பி வழியாகக் கையை விட்டு இழுத்து மூட வேண்டும். வெல்டிங் கசடு முழுக்க நீக்கி, துருவைத் தடுக்கத் துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர் அடித்து, அதன்மேல் பெயிண்ட். சுவருக்குள் போகிற நுனிகளுக்கும் அதே பிரைமர், சொல்லப்போனால் அங்கேதான் அது முக்கியம். ஒரு ஓரத்தில் மட்டும் 20 அங்குல அகலத்துக்குத் திறக்கிற பகுதி வைத்துப் பூட்டுப் போட்டோம். தீப்பிடித்தால் வெளியேற இன்னொரு வழி வேண்டும். சாவி அறைக் கதவு நிலையின் பக்கத்தில், பெரியவளுக்கு எட்டும், சின்னவனுக்கு எட்டாது. அந்த இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கொசுவலையைப் பற்றி ஒரு வார்த்தை. வெல்க்ரோ வைத்து ஒட்டிய வலை இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லா ஜன்னலிலும் இருக்கும், கொசு அப்படி. அந்த வலை பிள்ளையின் எடையைத் தாங்காது. வலை இருக்கிற தைரியத்தில் கிரில் இல்லாத ஜன்னலோரம் திண்ணை கேட்பவர்களும் வருகிறார்கள், அவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. அதே மாதிரி, கயிறு தொங்குகிற பிளைண்ட்ஸ் திண்ணைக்கு மேல் வேண்டவே வேண்டாம். பிள்ளையின் கழுத்து உயரத்தில் கயிற்று வளையம் தொங்குவது பெரிய ஆபத்து. இங்கே சாதாரணப் பருத்தித் திரைதான்.

மூடியா, ட்ராயரா

பீரோவுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே 6 அடி கிடைத்தது. திண்ணையின் நீளம் அதுதான். ஆழம் 18 அங்குலம். அப்பா உட்கார ஏதுவாக 20 அங்குல உயரம் கேட்டார். அந்த உயரத்தில் பெரியவளுக்கே கால் தொங்கும், ஜன்னல் கட்டையும் இன்னும் தாழ்ந்துவிடும். மரம் 15, மெத்தை 2 என்று முடிவு செய்தோம்.

உள்ளே என்ன போக வேண்டும் என்று தரையில் பரப்பி வைக்கச் சொன்னேன். 3 அடி அகலக் கோரைப்பாய் இரண்டு, ஜமுக்காளம், போர்வைகள், நான்கு தலையணை, அப்புறம் பொம்மைகளும் வரைகிற நோட்டுகளும். நான் முதலில் சொன்னது ட்ராயர். மூடி போட்ட பெட்டியில் அடியில் போன பொருள் மறுபடி வெளியே வருவது அபூர்வம். ஆனால் சுருட்டிய பாய் 3 அடி நீளம், அந்த அளவு ட்ராயரை இழுத்தால் இரவில் படுக்கிற இடத்தையே அடைக்கும். "அண்ணா, பாய் போறதுக்கு மேல மூடி போட்டுடுங்க. காலைல சுருட்டி உள்ள போட்டுட்டா எனக்கு ரூம் கிடைச்சிடும்" என்றார் அம்மா. அது நியாயம்தான்.

பாட்டிக்கு மூடி பிடிக்கவில்லை. "இன்னா தம்பி, டப்புனு விழுந்தா புள்ள விரலு என்னாவும்? ஒளிஞ்சி வெளையாடச் சொல்ல உள்ள போய்ப் படுத்துக்கினா?" என்று கேட்டார். அந்த வீட்டில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே சரியானது அதுதான். 40 அங்குல நீளம், 18 அங்குல ஆழம், உள்ளே ஒன்பதரை அங்குல உயரம்: 5 வயதுப் பையன் ஒருக்களித்துப் படுக்கத் தாராளமான இடம். மூடிய பொம்மைப் பெட்டிகளில் பிள்ளைகள் இறந்துபோனதால்தான் பல நாடுகளில் அதற்கென்றே விதிகள் வந்தன. நம் ஊரில் பொம்மைகளுக்கான தரநிலை ஐஎஸ் 9873, உலகத் தரநிலையான ஐஎஸ்ஓ 8124-ஐ ஒட்டியது. ஆசாரி செய்கிற திண்ணைக்கு அது சட்டப்படி பொருந்தாது. ஆனாலும் பொம்மைப் பெட்டிகளுக்கு இருக்கிற விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டேன். பாட்டியின் இரண்டு கேள்விக்கும் பதில் அதில் இருக்கிறது.

முதல் விதி, மூடி தானாக விழக் கூடாது. கொஞ்சம் திறந்த நிலையிலிருந்து எந்த உயரத்தில் கையை எடுத்தாலும், அரை அங்குலத்துக்கு மேல் இறங்காமல் நிற்க வேண்டும். இங்கே மூடியின் எடை சுமார் 5 கிலோ, சிறு விரலை நசுக்க அது போதும். கட்டிலுக்குப் போடுகிற கேஸ் பம்ப் போடலாமே என்று கேட்பார்கள். எனக்கு அதில் இரண்டு தயக்கம். புதிதில் அது மூடியை மேலே தள்ளும், சின்னப் பிள்ளையால் இழுத்து மூட முடியாது. சில வருஷத்தில் வாயு குறைந்ததும், எச்சரிக்கை ஏதும் இல்லாமல் மூடி விழ ஆரம்பிக்கும். உப்புக் காற்றில் அதன் தண்டு துருப்பிடித்து, உள்ளே இருக்கிற சீல் கிழிந்தால் அது இன்னும் சீக்கிரமே நடக்கும். பதிலாக, திறக்கும்போது இலகுவாகப் போய், இறங்கும்போது மட்டும் பிடித்துக்கொள்கிற லிட் ஸ்டே என்ற மூடித் தாங்கி இரண்டு போட்டோம். திருகினால் பிடிமானம் கூடும், குறையும். மெத்தையையும் மேலே வைத்துப் பார்த்துப் பிடிமானத்தைச் சரி செய்தேன்.

இரண்டாவது, உள்ளிருந்து பிள்ளை தள்ளினாலே திறக்க வேண்டும். எனவே பூட்டு, கொக்கி, காந்தக் கேட்சர் எதுவும் கிடையாது. விரல் விட்டுத் தூக்க முன்விளிம்பில் ஒரு வெட்டு மட்டும். மூடியைத் தூக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று மீன் நிறுக்கிற தொங்கு தராசை மாட்டி இழுத்துப் பார்த்தோம், சுமார் 3 கிலோ காட்டியது.

மூன்றாவது, மூடியபின்னும் காற்று போக வேண்டும். குறைந்தது இரண்டு துளை, ஒவ்வொன்றும் 650 சதுர மில்லிமீட்டர், நடுவே 150 மில்லிமீட்டர் தள்ளி. இதற்கு ஆசாரி புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அலமாரிக் கதவின் கீலுக்குக் குழி எடுக்கிற 35 எம்எம் பிட் எல்லோரிடமும் இருக்கும், அந்தத் துளையின் பரப்பு 960-க்குக் கொஞ்சம் மேல். துளைகள் முன்பலகையில் வர வேண்டும். பின்பக்கம் போட்டால் சுவர் அடைத்துவிடும், மேலே போட்டால் மெத்தை மூடிவிடும். நான்கு துளை போட்டு, கரப்பான் போகாமல் உட்புறம் ஸ்டீல் வலை அடித்தோம். வலைக் கம்பியும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால்தான் இரண்டுக்கு நான்கு.

கீல் வருகிற இடத்தில் இடைவெளி 5 எம்எம்முக்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 12 எம்எம்முக்கு மேல் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் விரல் உள்ளே போகும், வெளியே வராது. ஆசாரிகள் வழக்கமாக விடுகிற 2 எம்எம் இதற்குச் சரியாக இருக்கிறது.

மூடி திண்ணையின் முழு ஆழத்துக்கும் வரவில்லை. சுவரோரம் 4 அங்குலப் பட்டை ஒன்றை நிலையாக வைத்து, முன்னால் இருக்கிற 14 அங்குலம் மட்டும் திறக்கிற மாதிரி செய்தோம். 15-ல் தொடங்கி 14 எழுந்தால் 29, ஜன்னல் கட்டை 30. திறந்த மூடி கிரில்லில் இடிக்காது. மெத்தையும் 14 அங்குலம்தான், மழைச்சாரல் முதலில் விழுகிற சுவரோரப் பட்டையில் பஞ்சு இல்லை. மெத்தை இரண்டு துண்டு: மூடிக்கு மேல் ஒன்று, மீதி சுமார் 30 அங்குலத்துக்கு இன்னொன்று. அந்த 30 அங்குலப் பகுதியில் ஒரே ஒரு ட்ராயர், பொம்மைக்கும் நோட்டுக்கும்.

பலகையும் பெட்டியும்

வேறொரு கடையில் இதே வேலைக்குத் துகள் பலகையில் (பார்ட்டிகிள் போர்டு) விலை சொல்லியிருந்தார்கள், எங்களைவிடக் குறைவு. குடும்பம் தயங்கியது. மேசை மேல் பலகையாக அது உழைக்கும். வடகிழக்குப் பருவமழை முழுக்கக் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே நிற்கப்போகிற பெட்டிக்கு அது ஆகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே காற்றும் மழையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும். ஒருமுறை விளிம்பில் தண்ணீர் இறங்கினால் துகள் பலகை உப்பிவிடும், திருகாணி பிடிக்காது.

பிளைவுட்டில் ஐஎஸ் 303 என்று போட்டு வருவதில் எம்ஆர் (ஈரம் தாங்குவது), பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்குவது) என இரண்டு ரகம். ஐஎஸ் 710 என்பது மரைன் ரகம். நாங்கள் எடுத்தது 710. பலகையில் ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தரநிலை அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் உண்மையா, யாருடையது என்று தெரிந்துவிடும். சிடன்ஹாம்ஸ் சாலைக் கடையில் நின்றபடியே அம்மா அதைப் போட்டுப் பார்த்தார். மரைன் என்று வாயால் சொல்லி விற்கிற பலகைகள் உண்டு என்பதால் இந்தப் பழக்கம் எல்லோருக்கும் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வெட்டுக் கணக்கு எனக்கு ரொம்பத் திருப்தி கொடுத்தது. 8-க்கு 4 அடி, 18 எம்எம் பலகை ஒன்றே ஒன்று. நீளவாக்கில் 72-க்கு 18 அங்குலத்தில் இரண்டு துண்டு, மேலுக்கும் அடிக்கும். அதே நீளத்தில் பத்தேகால் அங்குலப் பட்டை ஒன்று, முன்முகத்துக்கு. மீதி விழுகிற 24-க்கு 48 துண்டில் 18-க்கு ஒன்பதரையில் நான்கு தடுப்புகள். ரம்பம் தின்னுகிற அளவு போக மிஞ்சியது சின்னத் துண்டுகள்தான். ட்ராயருக்கு மட்டும் 12 எம்எம் தனியாக வாங்கினோம்.

பெட்டி தரையில் உட்காரவில்லை. மாடுலர் கிச்சன் பெட்டிகளுக்கு அடியில் வருகிற 4 அங்குலப் பிளாஸ்டிக் கால்களின் மேல் நிற்கிறது. தினமும் தரை துடைக்கிற ஈரம் பலகையைத் தொடாது, கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். முன்னால் இருக்கிற கீழ்ப்பட்டையைக் கழற்றினால் துடைப்பம் உள்ளே போகும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே அரை அங்குலம் விட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் வெளிச்சுவர் வேர்க்கும், ஒட்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும். அந்த அரை அங்குலத்துக்கு ரீப்பர் (மரச்சட்டம்) துண்டு வைத்து, மூன்று இடத்தில் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கினோம். திறந்த ட்ராயர் மேல் பையன் ஏறி நிற்பான், அப்போது பெட்டி முன்னால் சாயக் கூடாது.

கீல், திருகாணி, வலை எல்லாம் 304 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல். மண்ணடியில் தேடினால் கிடைக்கும், விலை கொஞ்சம் கூட. ட்ராயர் ஓடுகிற டெலஸ்கோப்பிக் சேனலை மட்டும் சாதாரண இரும்பில் போட்டோம், ஸ்டீலில் விலை எகிறியது. வெளிமுகத்துக்கு வெளிர்பச்சை மைக்கா. மைக்காவின் வெட்டு விளிம்பு தோலைக் கீறும் என்பதால் முன்விளிம்பு முழுக்கத் தேக்கு பீடிங் வைத்து, இழைப்புளியால் உருட்டி, உப்புக் காகிதம் போட்டு வழவழப்பாக்கினோம். மெத்தை 32 டென்சிட்டி ஃபோம், கழற்றித் துவைக்க ஜிப் வைத்த உறை. துணியை பெரியவளே வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பார்த்து எடுத்தாள். சின்னவனுக்கு ரயில் படம் போட்ட துணிதான் வேண்டுமாம். அவன் பக்கத்து மெத்தைக்கு அது.

மொத்தச் செலவில் கிரில்லும் கூலியும் பாதிக்கு மேல் போனது. மரம் அதற்கு அப்புறம்தான்.

மழைக்குப் பிறகு

பருவமழை ஓய்ந்ததும் போய்ப் பார்த்தேன். பெட்டியை முன்னால் நகர்த்தாமலே கீழ்ப்பட்டையைக் கழற்றி டார்ச் அடித்தால் பின்சுவர் தெரிகிறது. சுவரில் ஈரக்கோடு இருந்தது, பலகை உலர்ந்திருந்தது. ஜன்னல் கட்டையின் கிரானைட்டுக்கு அடியில் ஒரு இடத்தில் சிலிக்கான் பிரிந்து தண்ணீர் கசிந்திருக்கிறது. புதிதாக அடித்துவிட்டு வந்தேன். சாரல் விழுந்த நாட்களில் 4 அங்குலப் பட்டை மட்டும் நனைந்ததாக அம்மா சொன்னார், துணியால் ஒத்தினால் போதுமாம்.

மூடியின் ஒரு லிட் ஸ்டேயில் திருகாணி தளர்ந்திருந்தது. சின்னவன் மூடி மேல் குதிக்கிறான், அது எதிர்பார்த்ததுதான். மர திருகாணிகளை எடுத்துவிட்டு, பலகையை ஊடுருவும் போல்ட்டும் நட்டும் போட்டேன். இனி செய்கிற எல்லாப் பெட்டிக்கும் முதலிலிருந்தே அப்படித்தான். சேனலில் கரி மாதிரி கருப்புத் தூசி படிந்திருந்தது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் நாள் முழுக்க ஓடுகிற சாலை ஆயிற்றே. மாதம் ஒருமுறை துடைத்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறேன். துரு இன்னும் இல்லை, ஆனால் முதலில் மாற்ற வேண்டி வருவது அந்தச் சேனலாகத்தான் இருக்கும்.

கிரில்லின் நான்கு மூலையிலும் தட்டிப் பார்த்தேன், கணீரென்று இருந்தது.

திண்ணையில் யார் எந்தப் பக்கம் என்பதில் அக்கா தம்பிக்குத் தினமும் சண்டையாம். ட்ராயர் பக்கம் உட்கார்ந்தவளை எழுப்பாமல் நோட்டு எடுக்க முடிகிறது, பாய்ப் பக்கம் அப்படி இல்லை. பெரியவள் அதை எனக்கு விளக்கமாகவே சொன்னாள். இரவு பாய் எடுக்கும்போது இரண்டு பேரும் எழுந்து மெத்தையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். முன்பலகையில் ஒரு பகுதியைக் கீழ்நோக்கித் திறக்கிற கதவாகச் செய்திருந்தால் பாயை உட்கார்ந்தபடியே இழுக்கலாமே என்று அவள் கேட்டதை நோட்டில் குறித்துக்கொண்டேன். அடுத்த வேலையில் செய்து பார்க்க வேண்டும்.

முதல் மாடியில் குடியிருப்பவர்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்களுக்கும் இதே மாதிரி வேண்டும் என்றார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு 3 வயது. போய்ப் பார்த்தால் கிரில் நன்றாகவே இருக்கிறது, செங்குத்துக் கம்பிதான். ஆனால் ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் பாதி உடைந்து, உள்கம்பி வெளியே தெரிகிறது. சுவர் இடுப்பு உயரம் வரை ஈரம். முதலில் சன்ஷேட், அப்புறம் பூச்சு, அது ஒரு கோடையில் காய்ந்த பிறகு திண்ணை என்று சொல்லியிருக்கிறேன். சன்ஷேட் கட்டடத்துக்குப் பொதுவானது என்பதால் வீட்டு உரிமையாளரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.